இலக்கம் சுரண்டிய தபால்பெட்டி

தபால்பெட்டிக் கதையை எனக்கு முதன்முதல் சொன்னது இஷ்பெல். இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு, ஆடி மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம். புதன்கிழமை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், புதன்கிழமைகளில்தான் நான் மாதா கோவிலில் பூச்சாடிகள் மாற்றிவிட்டு, மிஞ்சின பூவில் இரண்டு மூன்றை அவவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவ வேதக்காரிதான், ஆனால் எங்கள் சபை இல்லை. மாதாவுக்கு வைத்த பூ என்று சொன்னால் மூக்கைச் சுளிப்பா. பிறகு தண்ணீர் ஊற்றி யன்னலில் வைப்பா.

தேத்தண்ணியைக் குடியுங்கோ பிள்ளை, ஆறிப்போகும். அந்தக் குரல் பதிகிற மெசின் ஓடட்டும், பரவாயில்லை. நீங்கள் யூனிவசிற்றியில் படிக்கிற பிள்ளை. ஸ்கொட்லாந்து பிரிந்து போறதா இல்லையா என்று வாக்கெடுத்தபோது எங்களைப் போல வந்த சனம் என்ன நினைத்தது என்று கேட்கிறீர்கள். நினைத்ததைச் சொல்வது சுகம். செய்ததைச் சொல்வதுதான் கஷ்டம். அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்கள் தஞ்சாவூர் என்றீர்கள், என் பிள்ளைகளையும் தெரியாது, இந்தத் தெருவையும் தெரியாது. உங்களுக்குச் சொல்லலாம் போலிருக்கிறது.

இஷ்பெல் என்றது எதிர் வீட்டு மனுசி. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. படி ஏறி வந்தால் இடக்கைப் பக்கம் அவ, வலக்கைப் பக்கம் நான். அப்போது அவவுக்கு எழுபத்திரண்டு வயது. இடுப்பு எலும்பு மாற்றின பிறகு படி இறங்க ஏலாது. நாலு கால் வைத்த நடைச் சட்டம் ஒன்று பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பா. டொக், டொக் என்று எனக்குக் கேட்கும். என்னை 'ஹென்' என்று கூப்பிடுவா. பெட்டைக் கோழி என்கிறாவே என்று முதல் மாதம் மனம் நொந்துபோனேன். பிறகு மகள் சொன்னாள், நாங்கள் 'பிள்ளை' என்கிற மாதிரித்தான் அது, அம்மா என்று.

அன்றைக்கு அவ சொன்ன கதை இதுதான்.

"எனக்குப் பத்து வயசு, ஹென். எடின்பரோவின்ர தெற்குப் பக்கம் ஒரு புது வீட்டுத் திட்டத்தில இருந்தனாங்கள். சந்தியில ஒரு புதுத் தபால்பெட்டி கொண்டுவந்து நட்டினம். நல்ல சிவப்பு. முன்னால புது ராணியின்ர பேர். பேரோட இரண்டு எண்டு இலக்கம். எங்கட அப்பா தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். 'இரண்டோ? முதலாவது எப்ப எங்களிட்ட வந்தவ?' எண்டார்."

எனக்கு விளங்கவில்லை. அவ விளக்கப்படுத்தினா. அதே பேரில் முன்னம் ஒரு ராணி இருந்தது இங்கிலாந்துக்கு மட்டும்தானாம். அப்போது இது தனி நாடு, இதற்கு வேறு ராணி. ஆகவே இங்கத்தைச் சனத்துக்கு இவதான் முதலாவது. இரண்டு என்று போட்டால் இவர்களுடைய நாடு ஒருநாளும் தனியாக இருக்கவே இல்லை என்று சொல்கிற மாதிரி.

"முதல்ல அந்தப் பெட்டிக்கு மேல தார் ஊத்தினாங்கள். பிறகு ஆரோ சுத்தியலால அடிச்சாங்கள். பிறகு ஒருநாள், டும்! குண்டு வைச்சுப் பிளந்துபோட்டாங்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகேக்க பார்த்தன், வெடிச்ச பலாப்பழம் மாதிரிக் கிடக்கு."

பலாப்பழம் என்றது நான். அவ வேறென்னவோ சொன்னா. சொல்லிவிட்டுச் சிரித்தா, சிரித்துச் சிரித்து இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"எத்தினை பேர் செத்தது?" என்று கேட்டேன்.

"செத்ததோ? ஒரு பூனை பயந்து ஓடியிருக்கும்."

"பிறகு ஆமி வரேல்லையோ? வீடு வீடாப் பூந்து பெடியளைப் பிடிக்கேல்லையோ?"

அவ சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "பொலிஸ் ரெண்டு பேர் வந்தவை. அம்மா தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ," என்றா மெல்லமாக. "பிறகு கவுண்மேந்தே பேசாமல் வேற பெட்டி கொண்டுவந்து நட்டுது. பேரும் இல்லை, இலக்கமும் இல்லை. எங்கட மூலைப் பெட்டியைப் போய்ப் பார். அதிலயும் கிரீடம் மட்டும்தான்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கிரீடம் மட்டும்தான். நீங்கள் வரும்போது அந்தப் பெட்டியைக் கடந்துதான் வந்திருப்பீர்கள்.

அந்த வருஷம் ஊர் முழுக்க இந்தக் கதைதான், பிள்ளை. பஸ்ஸில், கடையில், பூசை முடிந்து கோவில் வாசலில். ஒரே ஒரு கேள்வி. ஸ்கொட்லாந்து தனி நாடாக இருக்கவேணுமா? ஓம், அல்லது இல்லை. அவ்வளவுதான். என்னுடைய பாஸ்போர்ட் அப்போது இலங்கைதான். ஆனாலும் கொமன்வெல்த் என்கிற பொதுநலவாய நாட்டுக்காரர் என்று எனக்கும் வோட்டு இருந்தது. மகன் எட்மன் வந்து என் முன் யன்னலில் 'ஓம்' என்று ஒரு நீலக் கடதாசியை ஒட்டிவிட்டுப் போனான். மகள் கொன்சலா, ஆஸ்பத்திரியில் நேர்ஸ், வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் 'வேண்டாம், நன்றி' என்று ஒன்றை ஒட்டினாள். இரண்டையும் நான் கழற்றவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். இந்த வீட்டில் ஆர் இருக்கினம் என்று யோசித்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இரண்டு பேருக்கும் முட்டிவிட்டது.

"முந்நூறு வருசத்துக்கு முதல் நாலு பிரபுக்கள் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்ட நாடு," என்றான் எட்மன். "சனத்தை ஆரும் கேக்கேல்லை. தெருவில கல்லெறிஞ்சிருக்கு சனம். இப்பதான் முதல்முதலாக் கேக்கினம். உனக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?"

"எனக்கு விளங்குது. நான் ஆஸ்பத்திரியில முறிஞ்சு வேலை செய்யிறன், நீ கொடி பிடிக்கிறாய்."

"கதையை மாத்தாதை."

"மாத்தேல்லை. தனி நாடு, தனி நாடு எண்டு சொல்லி மாமாவைக் குடுத்தது போதாதோ எங்கட வீட்டுக்கு?" என்றாள் கொன்சலா.

எட்மன் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நான் எழும்பிப் போய் ரசம் சூடாக்கினேன். ரசம் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

மாமா என்றது என் தம்பி லீனஸ். அவனைப் பற்றிச் சொல்ல வருவேன். முதலில் இஷ்பெலை முடிக்கவேணும்.

இஷ்பெலின் புருசன் இங்கிலாந்துக்காரன். வில்ஃப் என்று பெயர். நான் வர முதலே மோசம் போய்விட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் கார்லைல் என்று ஒரு ஊர், அங்கேதான் அடக்கம். படம் ஒன்று சுவரில் இருந்தது, காது பெரிய மனுசன். அவர் ஒருமுறை பகிடிக்கு இவவுக்கு ஒரு தேயிலைத் தகரம் வாங்கிக் கொடுத்தாராம். தபால்பெட்டி வடிவத்தில், சின்னதாக, சிவப்பாக, வாய்கூட வெட்டி இருக்கும். முன்னால் ராணியின் பெயர், இரண்டாம் இலக்கம். வேண்டுமென்றே தேடி வாங்கியிருக்கிறார்.

"நான் என்ன செய்தன் தெரியுமோ? அந்தாளுக்கு முன்னால இருந்து, என்ர கொண்டை ஊசியாலயே இலக்கத்தைச் சுரண்டி எடுத்தன். ரெண்டு மணித்தியாலம். அந்தாள் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்து சிரிக்குது."

சுரண்டிவிட்டு, நாற்பது வருஷம் அதற்குள்தான் தேயிலை போட்டு வைத்தா. இலங்கைத் தேயிலை. அவவின் பெரிய மாமா ஒருத்தர் எங்கள் மலைநாட்டில் தோட்டத் துரையாக இருந்தவராம். "நாங்களும் உங்கட ஊரில இருந்தனாங்கள்தானே," என்று பெருமையாகச் சொல்வா. இங்கிலீஸ்காரன் எங்களை ஆண்டான் என்று ஒரு வாயால், எங்கட மாமா உங்கட மலையை ஆண்டார் என்று அடுத்த வாயால். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பேன். வயது போன மனுசி. எங்களுக்கு விளங்குவது எல்லாம் மற்றவைக்கு விளங்காதுதானே. தன் கண்ணில் இருப்பது தனக்குத் தெரியாது என்று வேதத்திலேயே இருக்கிறது.

ஆவணி முடிகிற நேரம் அவவுக்குத் தபால் வோட்டு வந்தது. படி இறங்க ஏலாத ஆட்களுக்கு அப்படித்தான். கதவைத் தட்டிக் கூப்பிட்டா. போனேன்.

"அங்கால திரும்பி நில் ஹென். இது ரகசியம்," என்றா.

நான் திரும்பி வில்ஃபின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் பென்சில் உரசுகிற சத்தம் கேட்கும் என்று பார்த்தேன். கன நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு ஒரு கீறல். இன்னொரு கீறல். சின்ன உறைக்குள் வைத்து, அதைப் பெரிய உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினா.

"மூலைப் பெட்டிக்குள்ள போட்டுவிடு. விழுற சத்தம் கேட்டிட்டு வா. நான் சின்ன வயசிலயிருந்து அப்பிடித்தான். சத்தம் கேக்காட்டி நம்பமாட்டன்."

நான் வாங்கிக்கொண்டு இறங்கினேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். நல்ல வெயில். மூலைக்குப் போனேன். உறையைப் பெட்டியின் வாய்வரைக்கும் கொண்டுபோனேன். பாதி உள்ளே போய்விட்டது, பிள்ளை. பாதி உள்ளே.

அப்போதுதான் பேக்கரியின் மணம் வந்தது.

இந்தத் தெருவில் பேக்கரி இல்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு மருந்துக்கடையும் ஒரு சலூனும்தான். ஆனால் மணந்தது. ரோஸ் பாண், நீங்கள் பிரெட் என்பீர்களே, அதைப் போறணை அடுப்பால் எடுக்கிற மணம்.

எண்பத்து நாலாம் ஆண்டு, எங்கள் ஊர் மாதகலில், இதே போல ஆவணி மாதம். லீனஸுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு அப்போதுதான் கலியாணம் பேசி முடித்திருந்தது. "அக்கா, சந்திப் பேக்கரியில கண்ணாடி போட்ட ஒராள் நிப்பார். இதைக் குடுத்துவிடு. வாசிக்கப்படாது," என்று ஒரு உறையைத் தந்தான். அம்மாவுக்கு ஒரே பொடியன், எனக்கு ஒரே தம்பி. ஆரோ பெட்டைக்குக் கடிதம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுதான் போனேன். கொடுத்தேன். வாசிக்கவில்லை. இரண்டு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் விடிய எழும்பினால் அவனுடைய பாய் சுருட்டி மூலையில் நிற்கிறது. ஒருநாளும் பாய் சுருட்டாத பிள்ளை. அம்மா கத்திக் கத்தி அலுத்துப்போன பிள்ளை. அன்றைக்கு வடிவாகச் சுருட்டி நிறுத்தியிருந்தான்.

பேக்கரியில் நின்ற அந்தக் கண்ணாடிக்காரர் பிறகு சொன்னார். இயக்கத்துக்கு நான் வாறன், இடத்தைச் சொல்லுங்கோ என்று அதில் எழுதியிருந்தானாம். நான் கொண்டுபோய்க் கொடுத்த கடிதம். என்னுடைய கையால்.

அவன் திரும்பி வரவில்லை. எந்த இடம், எந்த நாள், ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அவனுக்குப் பூசை கொடுக்கும்போது, அவன் செத்த திகதியைச் சுவாமியார் கேட்பார். நான் அந்தக் கடிதம் கொடுத்த திகதியைத்தான் சொல்வேன்.

அதனால்தான், பிள்ளை. பாதி உள்ளே போன உறையை நான் வெளியே இழுத்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குண்டு வைத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற மனுசி, இலக்கத்தைக் கொண்டை ஊசியால் சுரண்டின மனுசி, வேறு எதற்குப் போடும்? இந்தச் சனத்துக்குத் தெரியாது. சந்தியில் ஒரு பெட்டி வெடித்ததோடு முடிந்துவிடும் என்று நினைக்கிற சனம். தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று அறிந்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ஒரு ஓமைக் குறைத்தேன். அவ்வளவுதான். ஆருடைய பாயும் சுருட்டி நிற்கக் கூடாது என்று.

மேலே வந்தேன். அவ கதவடியில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"சத்தம் கேட்டுதோ?"

நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் தலையாட்டுவதை இவர்களுக்கு ஒருநாளும் விளங்குவதில்லை, ஓமா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவ கேட்கவில்லை. என் கன்னத்தைத் தட்டி, "நல்ல பிள்ளை," என்றா.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேனா என்று நீங்கள் கேட்கலாம். நான் மாதம் ஒருமுறை போகிறவள். கோபம், பொறாமை, செபத்தில் நித்திரை, எல்லாம் சொல்வேன். இதைச் சொல்லவில்லை. ஏனென்றால் எந்தக் கட்டளையில் சேர்ப்பது? களவு எடுக்காதே. நான் எடுக்கவில்லை, அவதான் தந்தா. பொய் சொல்லாதே. நான் தலையைத்தான் ஆட்டினேன். உறையைக் கிழிக்கவில்லை, பிரிக்கவில்லை, ஒருத்தருக்கும் காட்டவில்லை. என் செபப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தேன். இரட்சணிய வேண்டுதலுக்கும் மரித்தோர் செபத்துக்கும் நடுவில்.

புரட்டாதி, அதுதான் செப்டம்பர், பதினெட்டு. வாக்கெடுப்பு நாள். நானும் போனேன். பள்ளிக்கூட மண்டபத்தில், சின்னப் பிள்ளைகளின் படம் ஒட்டின சுவருக்குப் பக்கத்தில் பலகைத் தட்டி. ஒரு கடதாசி, ஒரு கேள்வி, நூலில் கட்டின ஒரு பென்சில். வெளியே ஓம் ஆட்களும் இல்லை ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பிஸ்கற் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

அந்தத் தட்டிக்குள் நின்று நான் அழுதேன், பிள்ளை. எங்களிடம் ஒருத்தரும் ஒருநாளும் இப்படிக் கேட்கவில்லை. லீனஸின் கையில் ஆராவது இப்படி ஒரு பென்சிலைக் கொடுத்திருந்தால் அவன் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பானா? ஒருத்தனைப் பேசவிடாமல் வாயைப் பொத்துவதைப் போலப் பாவம் உலகத்தில் வேறில்லை. அதை நான் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். கண்ணைத் துடைக்கக் கைப்பைக்குள் லேஞ்சியைத் தேடினேன். செபப் புத்தகம்தான் கையில் தட்டுப்பட்டது.

என்ன போட்டேன் என்றுதானே உங்கள் கேள்வி. நான் ஓமுக்குப் போட்டேன். எட்மனுக்கும் தெரியாது, கொன்சலாவுக்கும் தெரியாது. லீனஸுக்காகப் போட்டேன். அவன் கேட்டதற்கு ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பெட்டிக்குள், ஒரு ஓமாவது விழவேணும் போலிருந்தது. பிறகு நினைத்தேன், நல்லதாகப் போச்சு, இஷ்பெலின் ஓமை எடுத்தேன், என் ஓமைப் போட்டேன், அவவுக்கு நட்டமில்லை என்று. அப்படி நினைத்து மனதை ஆற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

இல்லை என்றவர்கள்தான் வென்றார்கள். அது உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் காலமை அவவிடம் போனேன், ஆறுதல் சொல்ல. வில்ஃபின் படத்துக்குக் கீழே இருக்கிறா. மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்று அவவுக்கு. மற்றது படத்துக்கு முன்னால், தொடாமல். கன்னமெல்லாம் கண்ணீர்.

"அழாதேங்கோ," என்றேன்.

"என்ர கடதாசியும் அதுக்குள்ள கிடக்கு, ஹென்," என்றா. "என்ர ஒண்டும். நீதானே கொண்டுபோய்ப் போட்டது."

என் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்சினா. தோற்றுப்போன துக்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தா. ஆரும் வீட்டுக்கு வந்தால் சொல்வா, இவதான் என்ர வோட்டைக் கொண்டுபோய்ப் போட்டவ என்று. டொக்டருக்குச் சொன்னா. மீற்றர் பார்க்க வந்தவனுக்குச் சொன்னா. நான் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன்.

செத்த வீட்டுக்குப் போனேன். வேன் பிடித்துக் கார்லைலுக்குக் கொண்டுபோய் வில்ஃபுக்குப் பக்கத்தில்தான் அடக்கினார்கள். எல்லையைத் தாண்டும்போது ஒரு பலகை மட்டும்தான் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், எங்களுக்கு எல்லை என்றால் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப்பொயின்ற் தானே. ஒன்றும் நடக்கவில்லை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவவின் தங்கை மகள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"பெரியம்மாவுக்கு அந்த வருசம் ஒரே பயம். நாளைக்குச் செத்து அந்தாளிட்டப் போறதுக்கு எனக்குப் பாஸ்போர்ட் கேப்பாங்களோ எண்டு. ரிசல்ற் வந்த அண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொண்டவ."

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே பார்த்தேன். பிறகு அவள் ஒரு பையைத் தந்தாள். "இது உங்களுக்கெண்டு சொல்லி வைச்சவ."

அதுதான் அந்தத் தகரம். அங்கே பாருங்கோ, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில். இலக்கம் இருந்த இடத்தில் பெயின்ற் உரிந்து வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் கொண்டை ஊசியின் வேலை. நீங்கள் இப்போது குடித்த தேயிலை அதற்குள்ளிருந்து இல்லை. அதற்குள் நான் தேயிலை போடுவதில்லை. வந்த அன்றைக்கே செபப் புத்தகத்திலிருந்து அந்த உறையை எடுத்து, மடித்து, அந்த வாய்க்குள்ளால் உள்ளே விட்டேன். சரி இஷ்பெல், பெட்டிக்குள் போட்டாச்சு என்று சொன்னேன். சத்தம் கேட்கவில்லை. தகரம் சின்னது, கடதாசி அடியில் முட்டி நின்றுவிட்டது.

பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்காதேங்கோ. பார்க்கவில்லை. அது ரகசியம் என்று அவ சொன்னா. ஓமோ இல்லையோ, இரண்டு கீறல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டில் இப்போது வேறு ஆட்கள், போலந்துப் பெடியனும் பெட்டையும். நல்ல பிள்ளைகள், காலமை வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். பகல் முழுக்க அங்கே ஒருத்தரும் இல்லை. ஆனால் பதினொரு மணிக்கு நான் செபமாலை சொல்ல இருந்தால், மூன்றாம் தேவ இரகசியம் வரும்போது, டொக், டொக் என்று கேட்கும். சுவரடியிலிருந்து கதவடி வரைக்கும். கதவடியில் வந்து நிற்கும். பிறகு ஒன்றும் இல்லை. அவ கேட்கப் போறா என்று எனக்குத் தெரியும். நான் அருள் நிறைந்த மரியாயே என்று சத்தமாகச் சொல்வேன், கேள்வி காதில் விழாமல். சில நாளைக்குப் பாண் மணமும் வரும். மகளுக்குச் சொன்னேன். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுறியளோ அம்மா என்று கேட்டாள்.

எட்மன் இப்போது லண்டனில். வேலை அங்கேதானாம். திரும்பவும் ஒரு வாக்கெடுப்பு வைக்கவேணும் என்று போனில் இன்னும் சத்தம் போடுகிறான். கொன்சலா அபடீனுக்கு மாறிவிட்டாள், வாற சனிக்கிழமை என்னையும் வந்து ஏற்றிக்கொண்டு போகிறாள். அங்கே அடுக்கியிருக்கிற சாமான் பெட்டிகளில் பாதி கட்டியாச்சு. இந்தத் தகரத்தை மட்டும் எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. நேற்றும் உறையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். முந்தாநாளும் போனேன். கை பெட்டியின் வாய்வரைக்கும் போகும். அதற்கு அங்கால போகாது.

அந்த மெசினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நான் அந்த உறையை எடுத்துத் தாறேன். இருங்கோ... பிடியுங்கோ. மடித்த இடம் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, மேலே விலாசம் நல்லாகத் தெரிகிறது. இதை இனி எண்ண ஆளில்லை, தெரியும். எண்ணி முடித்துப் பத்து வருஷத்துக்கு மேல். ஆனால் எண்ணச் சொல்லி அவ என்னிடம் தரவில்லை. பெட்டிக்குள் போடச் சொல்லித்தான் தந்தா.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் மூலையில் இருக்கிறது, கிரீடம் மட்டும் போட்டது. போகும்போது போட்டுவிடுங்கோ பிள்ளை. விழுகிற சத்தம் கேட்டபிறகு போங்கோ.